பழைய ரிசீவரும் ஹெட்போன் ரசிகரும்

வானொலி நிலையத்தைப் பிடிக்கும் ட்யூனர், இசைத்தட்டிலிருந்தும் ஒலிநாடாவிலிருந்தும் வரும் நுண்ணிய மின்னலைகளைப் பதப்படுத்தும் முன்பெருக்கி, ஸ்பீக்கர் பெட்டிகளை இயக்கும் சக்திப் பெருக்கி ஆகிய மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கி, முகப்பில் தடித்த அலுமினியத் தகடும், அதன் நடுவே நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிரும் நிலைய அளவுகோலும், சுற்றிலும் வால்நட் மரச் சட்டமுமாக 1970-களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் உலகெங்கும் ஏற்றுமதி செய்த அந்தக் கனத்த சாதனத்தைத்தான் ஸ்டீரியோ ரசிகர்கள் ரிசீவர் என்று குறிப்பிடுகிறார்கள். ஐம்பது வயதை எட்டிவிட்ட இந்தப் பெட்டிகளை மறுபடியும் தேடிப் பிடித்து, தூசி தட்டி, ஸ்பீக்கர்களுக்காக அல்லாமல் ஹெட்போனில் சங்கீதம் கேட்பதற்காகவே வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பல தேசங்களில் பரவியிருக்கிறது. அந்த வழக்கத்தில் நியாயம் எவ்வளவு, பிரமை எவ்வளவு என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கலாம்.

ரிசீவரின் பூர்வீகம் அமெரிக்கா. ஹார்மன் கார்டன் நிறுவனம் 1954-இல் ஃபெஸ்டிவல் என்ற பெயரில் ட்யூனரையும் பெருக்கியையும் ஒன்றாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1958-இல் அதே வரிசையில் ஸ்டீரியோ சாதனமும் வந்தது. 1961-இல் எஃப்.எம். அலைவரிசையில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்ததும், ஒரே ஒரு பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் காசில்லாமல் நாள் முழுதும் நல்ல சங்கீதம் கேட்கலாம் என்ற சௌகரியம் ஏற்பட்டு, மத்தியதரக் குடும்பங்களில் ரிசீவருக்கு ஒரு ஸ்தானம் கிடைத்தது. பின்னர் வால்வுகள் ஒழிந்து டிரான்சிஸ்டர்கள் வந்தபோது, பயனியர், சான்சூய், கென்வுட், யமஹா, சோனி முதலிய ஜப்பானிய நிறுவனங்களும், நியூயார்க்கில் சால் மராண்ட்ஸ் தொடங்கி 1964-இல் சூப்பர்ஸ்கோப் கைக்கு மாறி, பிறகு ஜப்பானிலேயே தயாராகத் தொடங்கிய மராண்ட்ஸும் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டன. வியட்நாம் யுத்த காலத்தில் ஆசியாவில் பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்கள், ராணுவக் கடைகளில் மலிவாகக் கிடைத்த இந்தப் பெட்டிகளை வாங்கி ஊருக்கு அனுப்பியதும் இவற்றின் கீர்த்திக்கு ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் விளம்பரங்களில் வாட் கணக்கு சொல்வதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்ச சக்தியை நிரந்தர சக்தி போலச் சொல்லி, இரண்டு பக்கங்களையும் கூட்டி, அதையும் பெருக்கிச் சொல்லி விற்றார்கள். 1974-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தலையிட்டு, ஒரு பக்கத்துக்கு இடைவிடாமல் எத்தனை வாட் கொடுக்க முடியும், எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும், சோதனைக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் சாதனம் ஓடியிருக்க வேண்டும் என்றும் விதித்தது. பெருக்கி மிகவும் சூடாகும் நிலைகளில் ஒன்று அந்த மூன்றில் ஒரு பங்கு நிலை. ஆகையால் பொய் சொல்ல வழியில்லாமல் போன உற்பத்தியாளர்கள், உண்மையாகவே பெரிய டிரான்ஸ்பார்மரையும் தடித்த உஷ்ணத் தகடுகளையும் வைத்துச் செய்ய ஆரம்பித்தார்கள். 1976-இல் பயனியரின் எஸ்எக்ஸ்-1250 பக்கத்துக்கு 160 வாட் என்றது. 1978-இல் எஸ்எக்ஸ்-1980 வந்து 270 வாட் என்றது. பின்னதன் எடை சுமார் 35 கிலோ. ஒருவர் தனியாகத் தூக்கி அலமாரியில் வைக்க நினைத்தால் முதுகுக்கு நல்லதல்ல.

அதற்கு அடுத்த வருஷமே, 1979-இல், சோனி நிறுவனம் வாக்மேனைக் கொண்டுவந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. இரண்டு சிறு பேட்டரிகளில் ஓடி, தலையில் மாட்டிய இலேசான ஹெட்போனில் பாடிய அந்தச் சின்னப் பெட்டி, கூடத்தை நிறைக்கும் சங்கீதம் என்ற ஆசையையே பலரிடம் குறைத்துவிட்டது. ராட்சத ரிசீவர்களின் யுகம் அத்துடன் சரிந்தது. இன்று அந்த ராட்சதர்களையே ஹெட்போனுக்குச் சேவகம் செய்யக் கூப்பிடுகிறோம்.

கூப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முகப்பின் இடது மூலையில், பவர் பொத்தானுக்குப் பக்கத்தில், கால் அங்குலப் பின் நுழையும்படி ஒரு துவாரம் இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஹெட்போனுக்கென்று தனியாகச் சமைத்த பெருக்கி எதுவும் பெரும்பாலும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே மின்னோட்டத்திலிருந்து பக்கத்துக்கு ஒரு கிளை பிரிந்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்தத் துவாரத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். மூடியைக் கழற்றி ஜாக்கின் பின்புறம் பார்த்தால், அரை வாட்டோ ஒரு வாட்டோ தாங்கக்கூடிய இரண்டு ரெசிஸ்டர்கள் பற்றவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று பட்டைகள் இருந்தால் 330 ஓம். மாடலுக்கு மாடல் 100-லிருந்து 680 வரை மாறுபடும். ஏரி நிறைய நீர் இருக்கையில் சிறு மதகு ஒன்றைத் திறந்து வயலுக்கு விடுவது போன்ற ஏற்பாடு இது. ஏரியின் கனம் வயலின் மேல் நேரே விழுவதில்லை.

இவ்வளவு எளிய ஏற்பாடு ஏன் என்று கேட்டால், அந்நாளைய ஹெட்போன்களின் விசித்திரமான பேதங்களைப் பார்க்க வேண்டும். ஜான் காஸ் 1958-இல் மில்வாக்கியில் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்திய பிறகு, ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம் போன போக்கில் மின்தடையை வைத்துக்கொண்டது. எட்டு ஓம் ஹெட்போனும் இருந்தது. காஸ் ப்ரோ-4ஏஏ 250 ஓம். ஏகேஜி கே-240 அறுநூறு ஓம். சென்ஹைசர் 1968-இல் வெளியிட்ட எச்டி-414 இரண்டாயிரம் ஓம். இவற்றுள் எதைச் செருகினாலும் பாட வேண்டும், எதுவும் எரிந்துபோகக் கூடாது என்ற நிபந்தனைக்கு அந்த ஒற்றை ரெசிஸ்டர் எவ்வளவு நேர்த்தியான விடை என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். பக்கத்துக்கு 35 வாட் கொடுக்கும் ரிசீவர் ஒன்று, தன் முழு வீச்சில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 16.7 வோல்ட் கொடுக்கிறது. அதே வோல்ட் 330 ஓம் வழியாக வரும்போது, 8 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 20 மில்லிவாட் கிடைக்கிறது. 32 ஓமுக்கு 68. 300 ஓமுக்கு 212. 600 ஓமுக்கு 194. 2000 ஓமுக்கும் 100-க்குக் குறையாது. தடை 250 மடங்கு மாறினாலும் சக்தி பத்துப் பதினோரு மடங்கு எல்லைக்குள்ளேயே நிற்கிறது. போதாததற்கு, பின்னைச் செருகும் அந்தக் கணத்தில் அதன் நுனியும் வளையமும் ஜாக்கின் தகடுகளில் உரசிக் குறுக்கு மின்சுற்று ஏற்படுமே, அதனால் பெருக்கிக்குச் சேதம் வராமல் காப்பதும் அந்த ரெசிஸ்டர்தான். மலிவுக்காகச் செய்த வேலை என்று இதை இகழ்கிறவர்கள் உண்டு. எனக்கோ குறைந்த செலவில் நிறைந்த புத்தி என்றே தோன்றுகிறது.

இன்றைய கைபேசியின் ஹெட்போன் துவாரம் தரக்கூடியது சுமார் 1 வோல்ட். 300 ஓம் ஹெட்போன் ஒன்றை அதில் மாட்டினால் கிடைப்பது மூன்றே சொச்சம் மில்லிவாட். மேலே சொன்ன 212-ஐ இதனோடு ஒப்பிட்டால், சென்ஹைசர் எச்டி-600, எச்டி-650, பேயர்டைனமிக்கின் 600 ஓம் டிடி-880 போன்ற அதிகத் தடை ஹெட்போன்கள் பழைய ரிசீவரில் மாட்டியதும் மூச்சு விட்டுப் பாடுவதாக ரசிகர்கள் சொல்வதில் ஆச்சரியமில்லை. மிருதங்கத்தின் மேல் கை விழும் முதல் கணத்துக்கு வேண்டிய வோல்ட் தாராளமாகக் கையிருப்பில் இருக்கிறது. அந்தக் கணம் நசுங்காமல் வருகிறது. பழைய ரிசீவரின் பெருமையில் நிஜமான பகுதி இதுதான்.

ஆனால், இதைத் தாண்டி 'பழைய யந்திரங்களுக்கே உரிய கதகதப்பான நாதம்' என்று ஒன்று சொல்லப்படுகிறதே, அதில் பாதிக்கு மேல் அதே ரெசிஸ்டரின் லீலை என்பது என் அபிப்பிராயம். ஹெட்போனின் தடை எல்லா ஸ்வரங்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. எச்டி-600-ஐ 300 ஓம் என்கிறோம். ஆயினும் நூறு ஹெர்ட்ஸ் அருகில், அதன் சவ்வு இயல்பாக அதிரும் இடத்தில், அது 500 ஓமுக்கு ஏறிவிடுகிறது. தடை ஏறிய இடத்தில் 330 ஓம் ரெசிஸ்டரிடமிருந்து ஹெட்போன் பெறும் பங்கும் ஏறுகிறது. கணக்குப்படி அந்த மந்தர ஸ்தாயிப் பகுதி மட்டும் சுமார் 2 டெசிபல் உயர்ந்து ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி சற்றுப் புஷ்டியாகக் கேட்கிறது. தம்புராவின் மந்தரத் தந்திக்கு ஒரு சதைப்பற்று வருகிறது. அதோடு, நேரடியாக இணைத்திருந்தால் சவ்வின் மிகை ஆட்டத்தைப் பெருக்கி பிடித்து நிறுத்தியிருக்கும். நடுவே ரெசிஸ்டர் நின்றுகொண்டு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இது சிலருக்கு இன்பமாக இருக்கலாம். எனக்கும் சில பழைய ஒலிப்பதிவுகளில் இன்பமாகவே இருக்கிறது. ஆனால் அது ஜப்பானிய டிரான்சிஸ்டரின் ஆத்ம குணம் என்று எண்ணிக்கொண்டு அதற்காக விலை கொடுப்பது அநாவசியம். இரண்டு ரூபாய் ரெசிஸ்டரை எந்தப் பெருக்கிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே வைத்தாலும் அந்தக் குணம் வரும்.

இதிலிருந்து எந்த ஹெட்போன் பொருந்தும், எது பொருந்தாது என்பது தானே விளங்கும். அதிகத் தடையுள்ளவை பொருந்தும். பிளேனார் என்று சொல்லப்படும் தட்டைச் சவ்வு ஹெட்போன்களின் தடை எல்லா அலைவரிசையிலும் ஒரே மட்டமாக இருப்பதால், ரெசிஸ்டர் அவற்றின் நாதத்தை மாற்றுவதில்லை. ஒலியின் அளவு மட்டும் குறையும். 32 ஓமுக்குக் கீழ்ப்பட்ட சாதாரண ஹெட்போன்கள் பாடும், ஆனால் பாஸ் குழம்பும். காதுக்குள் நுழைக்கும் சிறு குழல்கள், அதிலும் ஒரே குழலுக்குள் நாலைந்து நுண் இயக்கிகள் வைத்தவை, இந்தத் துவாரத்துக்கு உகந்தவை அல்ல. அவற்றின் தடை ஒவ்வோர் அலைவரிசையிலும் ஏறி இறங்குவதால் நாதம் உருமாறிப் போகும். பெருக்கியின் இரைச்சலும் அவற்றில் மழைச் சத்தம் போலக் கேட்டுக்கொண்டிருக்கும்.

தம்முடைய ரிசீவரில் இருப்பது எத்தனை ஓம் என்று அறிய மூடியைக் கழற்றத்தான் வேண்டும் என்பதில்லை. கைபேசியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ரிசீவருக்கு அனுப்பி, ஜாக்கில் வெறும் பின் ஒன்றைச் செருகி, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு பக்கத்தில் சரியாக 1 வோல்ட் காட்டும்படி வால்யூமை நிறுத்த வேண்டும். பிறகு அதே பின்னின் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பார்த்தால் வோல்ட் விழும். கால் வோல்ட்டுக்கு விழுந்தால் உள்ளே இருப்பது 300 ஓம். அரை வோல்ட்டுக்கு விழுந்தால் 100 ஓம். சாதாரண மல்டிமீட்டர் தாழ்ந்த அலைவரிசையில்தான் நம்பத்தக்கது என்பதால் 50 ஹெர்ட்ஸைச் சொன்னேன்.

இனி அபிவிருத்தி. பழைய சாதனத்தை வாங்கியவுடன் அதை மேம்படுத்த வேண்டும் என்று கை அரிப்பவர்கள், முதலில் அது பிறந்தபோது இருந்த நிலைக்காவது வந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவுக்கென்று செய்தவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்குச் செய்தவை 100 வோல்ட். இவற்றை நம் 230 வோல்ட் சுவரில் நேரே செருகினால் ஒரு நொடியில் கதை முடிந்தது. பின்புறம் 110, 120, 220, 240 என்று மாற்றும் திருப்பி இருக்கும் ஏற்றுமதி மாடல் கிடைத்தால் பாக்கியம். இல்லாவிட்டால் தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அறுபது ஹெர்ட்ஸுக்கே செய்த டிரான்ஸ்பார்மர் நம் ஐம்பதில் சற்று அதிகமாகச் சுடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நெடுநாள் உறங்கிக் கிடந்த பெட்டிக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, நம் ஊர் மெக்கானிக்குகள் கையாளும் சீரீஸ் லாம்ப் யுக்தியை விடச் சிறந்தது இல்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துச் செருகினால், உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து பாரத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கிவிடும். மூடியைக் கழற்றி வேலை பார்க்கிறவர்கள், ஒயரைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறக்கலாகாது. அனுபவமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடுவதே உசிதம்.

ஹெட்போனில் கேட்கும்போது, ஸ்பீக்கரில் தெரியாத தோஷமெல்லாம் தெரியும். வால்யூமைத் திருப்பினால் கரகரப்பு, ஒரு பக்கம் மட்டும் வந்து வந்து போவது, பொத்தானைத் தட்டினால் திரும்பி வருவது ஆகியவை பெரும்பாலும் அழுக்கின் வேலை. திருப்பிகளுக்குள்ளும் வால்யூம் கண்ட்ரோலுக்குள்ளும் காண்டாக்ட் கிளீனர் சிறிது பீய்ச்சி, இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் பாதிப் பெட்டிகள் உயிர் பெற்றுவிடும். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரேயை இங்கே பயன்படுத்தவே கூடாது. ஸ்பீக்கரைப் பாதுகாக்கும் ரிலேயின் முனைகளில் ஐம்பது வருஷக் கரி படிந்திருக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஹெட்போனுக்கு வேண்டிய சிறு மின்னோட்டம் அதில் தடுக்கி நிற்கிறது. குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மங்கி, வால்யூமை ஏற்றியதும் 'டக்'கென்று வருவதற்கு இதுவே சாதாரணக் காரணம். ரிலேயை மாற்றிவிடுவது மேல்.

எதுவும் பாடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் எத்தனை டி.சி. மில்லிவோல்ட் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1970-களின் தொடக்கம் வரை வந்த பல மாடல்களில் வெளியேறும் வழியில் பெரிய கண்டென்சர் ஒன்று நின்று டி.சி.யைத் தடுத்துவிடும்; போடும்போது 'தொம்' என்று ஓர் ஓசை வருவது அவற்றின் அடையாளம். பின்னால் வந்தவற்றில் அந்தக் கண்டென்சர் இல்லை. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நூறைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சிறு திருகை மெக்கானிக் சரி செய்ய வேண்டும். எப்படியும், ரிசீவரைப் போட்டு அரை நிமிஷம் கழித்து ஹெட்போனைச் செருகுவது, நிறுத்துவதற்கு முன் பிடுங்குவது என்ற பழக்கம் காதுக்கும் ஹெட்போனுக்கும் க்ஷேமம்.

கண்டென்சர்களை எல்லாம் ஒட்டுமொத்தமாகப் பிடுங்கிப் புதிது போட வேண்டும் என்று ஒரு கட்சி. ஒன்றையும் தொடக் கூடாது, தொட்டால் பழைய நாதம் போய்விடும் என்று ஒரு கட்சி. இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் காய்வது இயற்கை. காய்ந்ததை வைத்துக்கொண்டு அதன் உறுமலையும் மங்கலையும் பழமையின் அழகு என்பது ரசனையாகாது. அதே சமயம், நன்றாக இயங்கும் பெட்டியில் இருநூறு இடத்தில் சூட்டுக்கோல் வைத்தால், அரை நூற்றாண்டுச் செப்புத் தடம் பலகையை விட்டு உரிந்து வரும். சப்தம் போகும் வழியிலும் மின் வழங்கியிலும் உள்ளவற்றைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் கேட்டுப் பார்ப்பதே விவேகம். இடைவிடாத 'சொய்ங்' இரைச்சல் வந்தால் கண்டென்சரைக் குற்றம் சொல்வதற்கு முன், அக்கால ஜப்பானியப் பலகைகளில் எங்கும் காணப்படும் 2எஸ்சி458, 2எஸ்ஏ726 ஆகிய டிரான்சிஸ்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். இவை வயதானால் இரைவதற்குப் பெயர் பெற்றவை. பாகங்கள் அசையாதிருக்கத் தடவிய மஞ்சள் பசை காலப்போக்கில் பழுப்பேறிக் கால்களை அரித்து, மின்சாரத்தையும் கசியவிடும் என்பதால், அதைச் சுரண்டி எடுப்பதும் வேலையில் சேர்த்தி. இப்படிப்பட்ட பொருத்தமான மாற்று உறுப்புகளுக்குச் சென்னையில் ரிட்சி தெருவைச் சுற்றி வந்தால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.

ஆரோக்கியமான ரிசீவரிலும் ஹெட்போன் ரசிகர் சந்திக்கும் ஒரு சங்கடம், வால்யூம் குமிழை எட்டு மணி நிலையிலிருந்து நகர்த்தினாலே காது அதிர்வதுதான். இதில் குற்றம் ரிசீவரின் மேல் இல்லை. அதன் ஆக்ஸ் வழி 150 மில்லிவோல்ட் வந்தால் முழு சக்தியும் கொடுக்கும்படி அமைக்கப்பட்டது, இன்றைய சி.டி. பிளேயரும் டிஜிட்டல் சாதனமும் 2 வோல்ட் அனுப்புகின்றன. வித்தியாசம் 22 டெசிபல். பழைய வால்யூம் கண்ட்ரோல்களில் ஆரம்பப் பகுதியில்தான் இடம் வலம் இரண்டும் ஒத்துப்போவதில்லை. பாடகர் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். சாதனத்தின் அனுப்பும் அளவைக் குறைப்பதோ, ஒயரின் நடுவே 20 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை வைப்பதோ போதும். பின்புறம் முன்பெருக்கியையும் சக்திப் பெருக்கியையும் இணைக்கும் சிறு 'யூ' வடிவக் கம்பிகள் உள்ள மாடலானால், அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அங்கே அட்டெனுவேட்டரைப் பொருத்துவது இன்னும் சிலாக்கியம். குமிழ் நடுநிலைக்கு வருவதோடு, முன்பெருக்கியின் இரைச்சலும் சேர்ந்து குறைந்துவிடும். செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் இதற்கு ஈடான திருத்தம் வேறில்லை.

அடுத்தது, ஜாக்கின் ரெசிஸ்டரையே விலக்கிவிட விரும்புகிறவர்களுக்கான யுக்தி. ஜாக்கைத் தொடாமல், பின்புறம் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஒயர் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகவும், அதன் பின்னால் 10 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்காகவும் வைத்து, அந்தப் பத்து ஓமின் குறுக்கே ஹெட்போன் ஜாக்கை இணைத்து ஒரு சிறு டப்பாவில் அடக்கிவிடலாம். இப்போது ஹெட்போன் எதிர்கொள்ளும் தடை 330 அல்ல, 9 ஓம்தான். எச்டி-600-இன் அந்த 2 டெசிபல் மேடு ஏறக்குறைய மறைந்துவிடும். சப்தமும் இரைச்சலும் ஒருங்கே 20 டெசிபல் குறைவதால், பின்னணி நிசப்தமாகிறது. 32 ஓம் ஹெட்போனுக்கு 35 வாட் ரிசீவரில் முழு வீச்சில் நாற்பது மில்லிவாட் கிடைக்கும், அது தாராளம். பெரிய ரிசீவரானால் நூறு ஓம் ரெசிஸ்டரின் வாட் தாங்கும் திறனையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

இந்த டப்பாவைக் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். ஹெட்போன் ஜாக்கில் இரண்டு பக்கங்களுக்கும் பூமி ஒன்றே. ரிசீவரை நிறுத்தி ஒயரைப் பிடுங்கிய பிறகு, இடது வலது இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். இணைந்திராவிட்டால் டப்பா யோசனையைக் கைவிட வேண்டும், இல்லையேல் பெருக்கி புகையும். வால்வு யுகத்து ரிசீவர்களில் வெளியேற்ற டிரான்ஸ்பார்மருக்குப் பாரம் அவசியமாகையால், ஸ்பீக்கர் முனையில் எட்டு ஓம் கனத்த ரெசிஸ்டர் ஒன்றையும் சேர்த்து வைக்காமல் இந்த வேலையில் இறங்கலாகாது.

ஸ்பீக்கர் முனைகளில் எந்த ரெசிஸ்டரும் இல்லாமல் நேரே இணைக்கத்தக்க ஹெட்போன்களும் சில உண்டு. ஏகேஜி 1989-இல் வெளியிட்ட கே-1000 அப்படிப் பிறந்ததே. காதுக்கு எதிரே சிறு ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டதுபோல இருக்கும் அதற்கு, ஒரு மில்லிவாட்டுக்குக் கிடைப்பது 74 டெசிபல் மட்டுமே. 100 டெசிபல் வேண்டுமென்றால் 400 மில்லிவாட். ஹைஃபைமேனின் எச்இ-6 என்ற பிளேனார் ஹெட்போனும் இதே இனம். பழைய ரிசீவர்களுக்கு ஹெட்போன் உலகில் மறுவாழ்வு கிடைத்ததற்கு இவற்றின் பசியும் ஒரு காரணம் என்று சொல்ல வேண்டும். சாதாரண ஹெட்போனை இப்படி இணைத்து வால்யூமைத் திருப்பினால் அதன் சுருள் கருகும். காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வைத்திருக்கும் வரம்பை இந்த ரிசீவர்களில் மிகச் சிறியதும் அலட்சியமாகத் தாண்டிவிடும்.

முகப்பில் இருக்கும் குமிழ்களையும் பொத்தான்களையும் தொடாமலிருப்பதே சுத்த ரசனை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் கண்டறிந்து வெளியிட்டபடி, ஒலி குறையக் குறைய நம் காது மந்தரத்தை அதிகமாக இழக்கிறது. லவுட்னஸ் பொத்தான் அந்த இழப்பை ஈடு செய்யவே வைத்தது. இரவில் மெல்லிய ஒலியில் கேட்கிறவருக்கு அது வரப்பிரசாதம். வாத்தியங்களை இடக்காதில் பாதி, வலக்காதில் பாதி என்று பிளந்து வைத்த ஆரம்பகால ஸ்டீரியோப் பதிவுகளைக் கேட்கும்போது மோனோ பொத்தானை அமுக்கினால் தலைக்குள் இழுபறி நிற்கும். டேப் மானிட்டர் வழியில் ஈக்வலைசர் ஒன்றை நுழைத்து ஹெட்போனின் குறைகளைத் திருத்திக்கொள்ளவும் முடியும். நினைத்தபோது ஒரே பொத்தானில் அதை விலக்கி ஒப்பிட்டும் பார்க்கலாம்.

ட்யூனரையும் பலர் மறந்தே போகிறார்கள். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது 1977-இல் சென்னையில்தான்; அந்த வருஷத்து ரிசீவர் ஒன்று இன்றும் ஒரு முழம் ஒயரை ஆண்டெனாவாகக் கொண்டு, கைபேசியால் ஆகாத தெளிவோடு நகரத்து நிலையங்களைப் பிடிக்கும். ஆனால் ஜப்பானின் உள்நாட்டு மாடல்களில் அளவுகோல் 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுவதால், நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை அவற்றுக்கு எட்டாது. அமெரிக்க மாடல்களில் 108 வரை எல்லாம் வரும். ஒலிபரப்பில் உயர்த்தி அனுப்பும் தார ஸ்தாயியைத் திரும்பக் குறைக்கும் கணக்கு மட்டும் அங்கே 75 மைக்ரோசெகண்டு, இங்கே 50. ஆகையால் நம் வானொலி அவற்றில் சுமார் 3 டெசிபல் மங்கலாகக் கேட்கும். மெக்கானிக்கிடம் சொல்லி அதற்குரிய இரண்டு சிறு கண்டென்சர்களை மாற்றிக்கொள்ளலாம், அதற்கும் சோம்பல் என்றால் ட்ரெபிள் குமிழை ஒரு படி வலப்பக்கம் திருப்பிவிட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும்.